பேர் கொடுக்க மறுத்தவள்

“பேர் கொடுத்துட்டீங்களா ஐயா?” என்று நர்ஸ் கேட்டாள். கொடுத்தாயிற்று என்று பக்கத்தில் நின்ற மாசிலாமணி சொன்னான். அவள் பெரியண்ணனின் தலையைப் பின்னால் சாய்த்து, இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டு, நான் சொல்கிறவரை திறக்கக் கூடாது, முக்கால் மணி நேரமாகும் என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனாள். வெளியே நடந்தது இவ்வளவுதான். திருச்சியில் ஒரு கண் ஆஸ்பத்திரி, காலை பத்தரை மணி, சுவரோரம் வரிசையாகப் பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள், அதில் கண்ணை மூடி மோவாயை உயர்த்திக்கொண்டு தீர்ப்புக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரிப் பதினைந்து கிழடுகள். அதில் ஒன்று பெரியண்ணன். எண்பத்திரண்டு வயது. திரையரங்கத் தொழிலாளர் சங்கத்தை ஆரம்பித்த ஏழு பேரில் இன்றைக்கு உயிரோடு இருக்கிற ஒரே ஆள் என்று மேடையில் சொல்லித்தான் அவருக்குத் துண்டு போடுவார்கள். மருந்து எரிந்தது. இமைக்குள் சிவப்பாக ஒன்று பரவி, பிறகு பழுப்பாகி, பிறகு அடங்கியது. கொட்டகையில் விளக்கை அணைத்த பிறகு, திரையில் படம் விழுவதற்கு முன்னால், எல்லோரும் சும்மா இருக்கிற அந்த ஒரு கணம் மாதிரி. பேர் கொடுத்துட்டீங்களா. ஒரு நாளைக்கு நூறு பேரிடம் கேட்கிற கேள்வி. அவளுக்கு என்ன தெரியும். “நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துர்றேன் தோழர். நீங்க அந்தப் பக்கத்தை மனசுல ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. பன்னண்டு மணிக்கு பிரஸ்ல கொடுத்தாகணும்” என்று மாசிலாமணி எழுந்து போனான். கண்ணை மூடிவிட்டு புரூஃப் பார்க்கச் சொல்கிறான் சங்கத்தின் இன்றைய செயலாளர். இவன் காலத்துச் சங்கம் இப்படித்தான் இருக்கும்.

சட்டைப் பையில் இரண்டு காகிதம் இருந்தது. அவர் கையால் தொட்டுப் பார்த்தார். வழவழப்பாக நாலாக மடித்திருந்தது புரூஃப்: சங்கத்தின் அறுபதாம் ஆண்டு வைர விழா மலரில் அவர் எழுதிய ‘நாம் கடந்த பாதை.’ சொரசொரப்பாக இருந்தது ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரிலிருந்து அவரே கத்தரித்த துண்டு: அமெரிக்காவில் ஒரு பழைய நடிகை தொண்ணூற்று மூன்று வயதில் செத்துப்போன செய்தி. இரண்டும் ஒரே பையில் நெஞ்சின் மேல் கிடந்தன. வேறு வேறு பையில் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. காலையில் மோட்டார் சைக்கிளில் வரும்போது மாசிலாமணி காற்றோடு காற்றாகச் சொன்னதும் அங்கேதான் கிடந்தது. துறையூரிலிருந்து ஜெசிந்தா என்று ஒரு டீச்சரம்மா சங்கத்துக்குப் போன் பண்ணினாளாம். எங்கப்பா சவரிமுத்து, பழைய ஆபரேட்டர், எண்பத்தஞ்சு ஆகுது, எங்க சங்கத்துக்கு விழாவாமே, எனக்குக் கடுதாசி வருமான்னு தினம் கேட்டுக்கிட்டே இருக்கார், வருமா என்று கேட்டாளாம். மாசிலாமணி பழைய ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்திருக்கிறான். கருங்காலி என்று சிவப்பு மையில் எழுதியிருந்ததாம். அப்படிப்பட்டவருக்கு எப்படித் தோழர் அழைப்பு வைக்க முடியும், வராதுங்கம்மான்னு சொல்லிட்டேன் என்றான். சரியாகச் செய்தோமா என்றுகூட அவன் கேட்கவில்லை. அந்தச் சிவப்பு மை யாருடைய கை என்று அவனுக்குத் தெரியாது. எங்க சங்கம் என்கிறானாம். ஐம்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிய சங்கத்தை இன்னும் எங்க சங்கம் என்கிறான். ஏழு பேரில் மிஞ்சியது ஒரு ஆள் இல்லை. இரண்டு ஆள். அந்த ஏழு பேரில் சவரியும் ஒருவன். மேடையில் ஒரு தடவைகூட அவர் அதைத் திருத்தியதில்லை.

திருத்த என்ன இருக்கிறது. சங்கக் கட்டுப்பாட்டை மீறினான், நீக்கினோம். அதில் என்ன தப்பு. கட்டுப்பாடு இல்லாமலா பெஞ்சு டிக்கெட் கிழிக்கிறவனும் திரை இழுக்கிறவனும் முதலாளி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். இன்றைக்கு ஏசி தியேட்டரில் டை கட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளைகளுக்கு அது தெரியுமா. வாரத்துக்கு ஒரு நாள் லீவு என்பது வானத்திலிருந்து விழுந்தது என்று நினைக்கிறார்கள். பெரியண்ணன் ஆறாம் வகுப்பு. அதற்கு மேல் படித்ததெல்லாம் துண்டறிக்கை, நாலு பக்கப் பிரசுரம், டீக்கடைப் பலகையில் கிடக்கிற கட்சிப் பத்திரிகை. அவற்றில் படித்துத்தான் உலகம் உருண்டை என்பதையே நம்பினார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் தோழர் ஒருவர் கொடுத்த கிழிந்த அகராதியை வைத்துக்கொண்டு தானே இங்கிலீஷும் கற்றுக்கொண்டார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஐம்பத்து மூன்றில் அந்தத் தோழரே ஒரு இங்கிலீஷ் தொழிலாளர் பத்திரிகையின் கிழிசலைக் கொண்டுவந்தார். பாருங்க பெரியண்ணன், உங்க கொட்டகையில ஓடப்போற படத்துல நடிச்சவளைப் பத்தி என்னமோ போட்டிருக்கான் என்றார். ஆறு வரி. நாள் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையாக அகராதியில் பார்த்து எழுதினார். விசாரணைக் குழு. நடிகை கோரா லின்ட்லி. சங்கத்தைப் பற்றிக் கேட்டார்கள். பேர் கொடுக்க மறுத்துவிட்டாள். இதற்கு மேல் என்ன வேண்டும். சங்கத்துக்குப் பேர் கொடுப்பது என்றால் அவருக்கும் அவர் ஆட்களுக்கும் ஒரே அர்த்தம்தான். ரிஜிஸ்டரில் பேர் எழுதிக் கையெழுத்துப் போடுவது. நீ பேர் கொடுத்தவனா என்று கேட்டால் நீ நம்ம ஆளா என்று அர்த்தம். பேர் கொடுக்க மறுத்தவள் வேறு யாராக இருக்க முடியும். அன்றைக்கே துண்டறிக்கை எழுதினார். ‘சங்கத்துக்குப் பேர் கொடுக்க மறுத்த அமெரிக்கக் கருங்காலியின் படத்தை ஓட்டமாட்டோம்.’ கடைசியில், சின்ன எழுத்தில், மொழிபெயர்ப்பு: பெரியண்ணன். அச்சில் தன் பேரை அவர் பார்த்த முதல் தடவை அது. மை காயாத அந்தத் தாளை மடிக்காமல் நீட்டிப் பிடித்துக்கொண்டு பாலக்கரையிலிருந்து உறையூர் வரை நடந்தே வீட்டுக்குப் போனார். மடித்தால் பேர் ஒட்டிக்கொள்ளும் என்று பயம்.

பக்கத்து நாற்காலியில் ஒரு கிழவி கண்ணை மூடியபடியே, கொட்டகை மாதிரி உட்கார வச்சிருக்கான், எப்பப் படம் போடுவானோ என்று தன்பாட்டுக்குச் சொன்னாள். யாரோ சிரித்தார்கள். பெரியண்ணன் சிரிக்கவில்லை. கொட்டகை என்ற வார்த்தையோடு அந்த வாசம் வந்துவிட்டது. மூட்டைப்பூச்சி மருந்து, வேர்க்கடலைத் தோல், ஈரச் சாக்கு. அவர் பக்கவாட்டுக் கதவில் டிக்கெட் கிழிக்கிறவர். படத்தைப் பார்த்ததைவிட அதிகமாகக் கதவுக்கு வெளியே நின்று கேட்டவர். அவளுடைய முந்தைய படம் ஒன்று ஐம்பத்திரண்டில் ஓடியது. பேர் வாயில் நுழையாததால் எல்லோருக்கும் அது ‘ரயில் படம்.’ அவளும் கோரா லின்ட்லி இல்லை, கோராப்பட்டு. இன்னைக்குக் கோராப்பட்டுக்கு நல்ல கூட்டம் என்பார்கள். நாலு வாரம், தினம் மூன்று காட்சி. ஒவ்வொரு காட்சியிலும் இடைவேளைக்கு முன்னால் அந்தப் பாட்டு வரும். சரக்கு ரயில் பெட்டியின் வாசலில், தகரப்பெட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, காலை வெளியே தொங்கப் போட்டபடி பாடுவாள். ஒரு வார்த்தை புரியாது. குரலில் கொஞ்சம் கரி ஒட்டியிருப்பது போல இருக்கும். மேலே போகும்போது உடையப்போகிறது என்று தோன்றும், உடையாது. கதவில் முதுகைச் சாய்த்தால் பலகை வழியாக அது முதுகெலும்பில் இறங்கும். ஏகாதிபத்திய நாட்டுக்காரி பாட்டு முதுகில் இறங்குகிறதே என்று வெட்கப்பட்டு நிமிர்ந்து நிற்பார். பிறகு மறுபடி சாய்வார். மேலே ஆபரேட்டர் ரூமில் சவரிமுத்து ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அவளோடு சேர்ந்து பாடுவான். கோயிலில் பாடின குரல். டீ குடிக்கப் போகும்போது கேட்பான்: “என்ன தோழர், இன்னைக்கும் கதவைத் தாங்கிப் பிடிச்சுட்டிருந்தீங்க போல?” தெரிந்துகொண்டுதான் கேட்பான். சிரிக்கிறபோது மேல்வரிசையில் எல்லாப் பல்லும் தெரியும். அப்போது எல்லாப் பல்லும் இருந்தது.

பல்லை நினைக்காதே. பேப்பர் துண்டை நினை. அதில் அவள் கதை கால் பத்தியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எத்தனை தடவை படித்தாரோ, கண் மூடியிருந்தும் வரி வரியாக ஓடியது. நிலக்கரி வெட்டுகிற ஊரில் பிறந்தவள். அப்பன் சுரங்கக் கூரை சரிந்து செத்தவன். அவளுக்குப் பன்னிரண்டு வயதில் அந்த ஊரில் வேலை நிறுத்தம், பொதுச் சமையல். கஞ்சிக்கு வரிசையில் நிற்கிறவர்கள் சண்டை போடாமல் இருக்க அவளைப் பெஞ்சு மேல் ஏற்றிப் பாடவைத்தார்கள். அதுதான் அவளுடைய முதல் மேடை. வேலை நிறுத்தக் கஞ்சிக் கூடத்தில் பாட ஆரம்பித்தவள் முகத்திலா. வேண்டாம், பிறகு. பிறகு ரேடியோவில் சோப்பு விளம்பரத்துக்குப் பாடினாள். குரலைக் கேட்டு ஸ்டுடியோக்காரன் கூப்பிட்டான். கூப்பிட்டு, முடியின் நிறத்தை மாற்றினான், பல்லை ராவினான், பேரைப் பிடுங்கிக்கொண்டு வேறு பேர் வைத்தான். கோரா லின்ட்லி என்பது அவன் வைத்தது. அவளைப் பெற்றவர்கள் வைத்தது வேறு. அந்தப் பேரை வெளியே சொல்லக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார்களாம். ஒன்பது படம் நடித்தாள். பிறகுதான் அந்த விசாரணை. நடிகர் சங்கத்தில் உன்னோடு கூட்டத்துக்கு வந்த சிவப்பு ஆட்கள் யார் யார், அவர்கள் பேரைச் சொல், சொன்னால் உன் படம் ஓடும் என்றார்கள். சொல்லமாட்டேன் என்றாள். பேரே சொல்லமாட்டாயா என்று மிரட்டினபோது ஒரே ஒரு பேர் சொன்னாளாம். பெற்றவர்கள் வைத்த தன் சொந்தப் பேர். அது ஒண்ணுதான் நான் கொடுக்கிறதுக்கு எனக்குச் சொந்தமான பேர் என்றாளாம். அத்தோடு பத்தாவது படம் இல்லை. பன்னிரண்டு வருஷம் ஒரு துணிக்கடையில் சட்டை மடித்துக் கொடுத்தாள். சனிக்கிழமைகளில் ஹோட்டலில் பாடினாள், சாப்பிடுகிறவர்கள் கரண்டிச் சத்தத்துக்கு நடுவில். வயதான பிறகு கூப்பிட்டு இரண்டு படத்தில் தாயார் வேஷம் கொடுத்தார்கள். கடைசியில் முதியோர் விடுதி. சட்டை மடித்துக் கொடுத்தாள் என்ற இடத்தில்தான் அவர் தினமும் நின்றுவிடுவார். அங்கே அவர்கள் அவளைச் சட்டை மடிக்க வைத்தார்கள், பேர் கொடுக்காததற்காக. அந்த விசாரணை நடந்த அதே வருஷத்தில் இங்கே திருச்சியில், பேர் கொடுக்காததற்காகவே, அவள் முகத்தில் தார் பூசினார்கள். பூசினார்கள் என்ன பூசினார்கள். யார் பூசினது.

விடியற்காலை, கொட்டகைச் சுவரில் ஒட்டியிருந்த பெரிய போஸ்டர். ஏணி வைத்து ஏறினது அவர்தான். ரோடு போடுகிறவர்களிடம் வாங்கின தார், கீழே ஒருவன் டின்னைச் சூடாக்கிக் கொடுத்தான். முதலில் வாய். பாடுகிற வாய் திறந்திருந்தது. அதில் தென்னை மட்டையால் ஒரு இழுப்பு. பிறகு கண். தார் வழிந்து கழுத்துக்கு இறங்கியது. கைவிரலில் ஒட்டின தார் மூன்று நாள் போகவில்லை. சோற்றில் அந்த நாற்றம் அடித்தது. அவர் இப்போது விரலை மூக்கருகே கொண்டுபோனார். மருந்து வாசம்தான் அடித்தது. “கையைக் கண்ணுக்கிட்ட கொண்டு போகாதீங்க ஐயா” என்று நர்ஸின் குரல் மேலேயிருந்து வந்தது. இரண்டாவது சொட்டு. இமையைப் பிரித்தபோது வெளிச்சம் ஒரு வெள்ளைக் கரைசலாக உள்ளே கொட்டியது, அதில் முகமில்லாத ஒரு முகம், பிறகு மறுபடி இருட்டு. கண்மணி நல்லா விரியணும், அப்பத்தான் டாக்டருக்கு உள்ள தெரியும் என்றாள். உள்ளே என்ன தெரியும் அவருக்கு. எண்பத்திரண்டு வருஷத்துப் புரை தெரியும். அறுவை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா. மங்கலாகவே இருந்துவிட்டுப் போகட்டும். மங்கலாக இருந்தால் புரூஃப் பார்க்க வேண்டியதில்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாம். மலரில் அந்த வரி இப்படி இருந்தது: ‘கட்டுப்பாட்டை மீறிக் கருங்காலி நடிகையின் படத்தை ஓட்டிய ஆபரேட்டர் சவரிமுத்து நீக்கப்பட்டான்.’ எழுதியது அவர். எழுதி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. புரூஃபில் மாசிலாமணி பட்டானைப் பட்டார் ஆக்கியிருந்தான், வயதானவர் என்ற மரியாதைக்கு. நேற்று அதைப் பார்த்ததும் பேனாவை எடுத்தார். பட்டார் என்பதை மறுபடி பட்டான் ஆக்க. பேனா முனை காகிதத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. மை ஒரு புள்ளியாக ஊறி ஊறிப் பெரிதானது. அவர் அதை அடிக்கவும் இல்லை, விடவும் இல்லை. அந்தப் புள்ளி இப்போது பையில், நெஞ்சுக்கு நேரே இருந்தது.

ஐம்பத்து மூன்றில், துண்டறிக்கை வந்த பிறகு நடந்த பொதுக்குழுவில் அறுபது பேர். ஓட்டல் மாடி. சவரி எழுந்து நின்றான். அந்த இங்கிலீஷ் துண்டை வாங்கி அவனும் படித்திருந்தான். மிஷன் ஸ்கூலில் பத்தாவது வரை படித்தவன். “தோழர், அவ தன் பேரைக் கொடுக்க மறுக்கலை. அடுத்தவங்க பேரையெல்லாம் காட்டிக் கொடுக்க மறுத்திருக்கா. நேம்ங்கிற அந்த வார்த்தைக்குக் கடைசியில ஒரு எஸ் இருக்கு, பாருங்க.” மெதுவாகத்தான் சொன்னான். பின்வரிசையிலிருந்து ஒருவன், எஸ்ஸோ நோவோ, சங்கத்துல பேர் கொடுத்தாளா இல்லையா, அதைச் சொல்லு என்றான். மாடியே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பெரியண்ணன் துண்டை வாங்கிப் பார்த்திருக்கலாம். பாம்பு மாதிரி வளைந்த ஒரே ஒரு எழுத்து. அகராதியில் அவர் தேடினபோது அந்த எழுத்தோடு அந்த வார்த்தை இல்லை, எழுத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் இருந்தது. அதனால் விட்டுவிட்டார். அது வால்தானே என்று நினைத்தார். தமிழில் ஒரு ஆள் பேரும் பேர்தான், ஆயிரம் ஆள் பேரும் பேர்தான். ஆனால் அந்த நேரத்தில் அவர் கண்ணில் பட்டது எழுத்து இல்லை. துண்டறிக்கையின் அடியில் இருந்த தன் பேர்தான். “பாதிரி ஸ்கூல் இங்கிலீசை இங்க காட்டாத சவரி. உட்காரு” என்றார். அவன் உட்காரவில்லை. படம் ஓடினால் நான் ஓட்டுவேன், அவள் நம்ம ஆள் என்றான். ஓட்டினான். மறுநாள் ரிஜிஸ்டரில் சிவப்பு மை. டீக்கடையில் அவனோடு நின்று யாரும் டீ குடிக்கவில்லை. ஊரில் எந்தக் கொட்டகையும் சங்கத்துக்குப் பயந்து அவனை வைத்துக்கொள்ளவில்லை. துறையூர்ப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸுக்குப் போய்ச் சேர்ந்தான். அதோடு முடிந்திருந்தால் முடிந்திருக்கும்.

முடியவில்லை. ஐம்பத்தேழில் பெரிய வேலை நிறுத்தம். முதலாளி மதுரையிலிருந்து ஆள் கொண்டுவந்து படம் ஓட்டப்போகிறான் என்று சேதி. புரொஜக்டரில் லென்ஸ் இல்லாவிட்டால் கடவுளே வந்தாலும் ஓட்ட முடியாது. ஆனால் அதைக் கழற்றத் தெரிந்த கை வேண்டும், கீறினால் உயிர் போன மாதிரி. யாருக்கும் தெரியவில்லை. மத்தியான நேரத்தில் துறையூர் பஸ்ஸிலிருந்து சவரி இறங்கி வந்தான். யாரும் கூப்பிடவில்லை, கேள்விப்பட்டு வந்தான். பின்பக்க இரும்பு ஏணியில் ஏறினான். பத்து நிமிஷத்தில் இறங்கினான். நீலக் கரை போட்ட கைக்குட்டையில் சுற்றி, பெரியண்ணனின் உள்ளங்கையில் வைத்தான். குழந்தையைக் கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் கொடுத்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. இவரும் பேசவில்லை. கருங்காலியிடம் என்ன பேச்சு என்று நினைத்தார். ஆமாம், அப்படித்தான் நினைத்தார், லென்ஸ் கையில் இருக்கும்போதே. அது உறையூரில் அவர் வீட்டுக் கேழ்வரகு மாவு டின்னுக்குள் போனது. இந்த வேலை தெரிந்தவன் இவன் ஒருத்தன்தான் என்று போலீஸ் சவரியைப் பிடித்தது. மூன்று நாள். யாரிடம் கொடுத்தாய், பேரைச் சொல் என்று கேட்டார்கள். சொல்லவில்லை. நாலாம் நாள் வெளியே விட்டபோது மேல்வரிசையில் நாலு பல் இல்லை. பத்தொன்பதாம் நாள் முதலாளி இறங்கி வந்தான். வெற்றிக் கூட்டத்தில் மாலை பெரியண்ணனுக்கு. லென்ஸை மறைத்து வைத்த வீரர் என்று பேசினார்கள். கழற்றினது யார் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கைக்குட்டையை அவர் மனைவி துவைத்து மடித்து வைத்தாள். யாருடையது என்று கேட்டாள். தெரியவில்லை என்றார்.

எல்லாம் தெரியாமல் செய்ததுதான், தெரிந்து செய்ததில்லை. இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் மனசு இதைச் சொல்லி ஆறுதல் தேடும். அவள் கருங்காலி என்று நம்பினோம், நம்பித் தார் பூசினோம், நம்பி நீக்கினோம், தெரிந்திருந்தால் செய்திருப்போமா. இந்த வாக்கியத்தை எத்தனை வருஷமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார். ரீல் அறுந்து அறுந்து ஒட்டின வாக்கியம். கண்ணை மூடிக்கொண்டிருக்கிறபோது ஒட்டின இடம் தெரிகிறது. தெரியாமலா. அறுபத்திரண்டில் தெரியும். விலைவாசிப் போராட்டத்தில் கடலூர் ஜெயிலில் எழுபது நாள். கூட இருந்தவர் ஒரு காலேஜ் வாத்தியார், பேச்சுவாக்கில் அமெரிக்காவில் நடந்த அந்த விசாரணையைப் பற்றிச் சொன்னார். பேர் கொடுக்க மறுத்தவர்களின் வரிசையில் கோரா லின்ட்லியைச் சொன்னார். எப்பேர்ப்பட்ட பொம்பளை தெரியுமா தோழர் என்றார். பெரியண்ணன் தெரியும் என்றார். எழுந்து போய்த் தண்ணீர்த் தொட்டியில் முகம் கழுவினார். வெளியே போனதும் பொதுக்குழுவில் சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தார். வெளியே வந்ததும் தேர்தல். பிறகு இன்னொரு வேலை நிறுத்தம். பிறகு மகள் கல்யாணம். பிறகு சொல்லாமல் விட்டதற்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று, வருஷம் கூடக்கூட அது வாயில் அடங்காத அளவுக்குப் பெரிதாயிற்று. நாற்பத்தெட்டு வருஷம். ஒருத்தி பேரைக் கொடுக்காமல் பன்னிரண்டு வருஷம் சட்டை மடித்தாள். ஒருத்தன் பேரைக் கொடுக்காமல் பல்லைக் கொடுத்தான். இவர் ஒரே ஒரு பேரைக் கொடுக்காமல் நாற்பத்தெட்டு வருஷம் துண்டும் மாலையும் வாங்கினார். எல்லாக் கதையிலும் பேர் கொடுக்காதவன் வீரன். இவர் கதையில் மட்டும். பையில் காகிதம் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது. வெளியே தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். பெரியண்ணனுக்கு இங்கிலீஷே தெரியாதாம் என்பார்கள். ஆறாம் வகுப்பு அகராதி வைத்து ஆட்டம் காட்டியிருக்கிறான் என்பார்கள். அந்த ஒன்றைத்தான் அவரால் தாங்க முடியாது. அடி, ஜெயில், பட்டினி எல்லாம் தாங்கினவர் அந்தச் சிரிப்புக்குப் பயந்தார். எஸ்ஸோ நோவோ. அன்றைக்கு அதே சிரிப்பைச் சவரி நின்றபடி வாங்கிக்கொண்டான். உட்காரவில்லை.

பக்கத்துக் கிழவி மெல்லக் குறட்டை விட்டாள். எங்கோ ஒரு டிராலி உருண்டு போனது, தண்டவாளத்தில் சரக்கு வண்டி போகிற மாதிரி ஒரே சீரான சத்தம், அந்தச் சத்தத்தின் மேல் அந்தப் பாட்டு தானாக ஏறி உட்கார்ந்தது. வார்த்தை இல்லை, இழுப்பு மட்டும். மேலே போகிறது, உடையப்போகிறது, உடையவில்லை. அவருக்கு முதுகில் பலகையின் தொடுகை தெரிந்தது. துறையூரில் ஒரு வீட்டில் எண்பத்தைந்து வயதுக்காரன் ஒருவன் தபால்காரன் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறான். கடுதாசி வராதுங்கம்மா என்று சொல்லியாயிற்று. மகள் அதை அவனிடம் சொல்லியிருப்பாளா. சொல்லியிருக்க மாட்டாள். இன்னும் வரலைப்பா, வரும் என்றிருப்பாள். பன்னிரண்டு மணிக்கு மேல் அந்த வரி அச்சில் ஏறினால் பிறகு அவனுக்கும் சாவு, இவருக்கும் சாவு, வரி மட்டும் இருக்கும்.

“டாக்டர் கூப்பிடப் போறாங்களாம் தோழர். புரூஃபைக் கொடுங்க, நான் அப்படியே பிரஸ்ல சேர்த்துடறேன்.” மாசிலாமணி வந்துவிட்டான், வாயில் இஞ்சி டீ வாசத்தோடு. பெரியண்ணன் பையிலிருந்து புரூஃபை எடுத்தார். கொடுக்கவில்லை. பேனா இருக்கா, சவரிமுத்து வர்ற இடத்துல ஒரு திருத்தம், எழுதிக்கோ என்றார். கண்ணைத் திறக்காமலே சொன்னார். அந்த நடிகை கருங்காலி இல்லை, கூட இருந்தவர்களைக் காட்டிக் கொடுக்க மறுத்தவள். அதைத் தப்பாக மொழிபெயர்த்ததால் அவள் படத்தைத் தடுத்தோம். அது தப்பு என்று எழுந்து சொன்ன சவரிமுத்துவை நீக்கினோம். ஐம்பத்தேழில் லென்ஸைக் கழற்றிக் கொடுத்ததும், அடி வாங்கியும் பேர் சொல்லாமல் இருந்ததும் அவர்தான். பேனாச் சத்தம் பாதியில் நின்றது. மாசிலாமணி குரலைத் தாழ்த்திக்கொண்டான். எதுக்குத் தோழர் இப்ப, அறுபது வருஷக் கதை, இதுல ஒண்ணை உருவினா மத்ததையும் நம்பமாட்டானுங்களே என்றான். அழைப்பும் வைக்கணும், அதை நானே துறையூருக்குக் கொண்டு போறேன் என்றார் இவர். மாசிலாமணியின் பேனா மறுபடி காகிதத்தைத் தொடுகிற சத்தம் கேட்டது.

“சரி. ‘தவறுதலாக மொழிபெயர்க்கப்பட்டதால்’னு பொதுவாப் போட்டுடறேன். யார் என்னன்னு வேண்டாம்.”

“அவனை நீக்குனப்ப பொதுவா நீக்கலை. பேரைச் சொல்லித்தான் நீக்குனோம்.”

“அப்ப யாருன்னு போடறது? அந்தக் காலத்து ஆளு எனக்கு எப்படித் தெரியும். நீங்கதான் பேர் கொடுக்கணும்.”

பெரியண்ணன் வாயைத் திறந்தார். தார் நாற்றம் வந்தது. அந்தச் சமயம் உள்கதவு திறந்து, பட்டியலைப் பார்த்து நர்ஸ் உரக்கக் கூப்பிட்டாள்.

“பெரியண்ணன். பெரியண்ணன் யாருங்க?”

அவர் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். மீதிப் பதினாலு கிழடுகளும் கண் மூடியபடியே அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பின.

“நான்தான்” என்றார், சத்தமாக. பிறகு கண்ணைத் திறந்தார். எங்கும் ஒரே வெள்ளையாக இருந்தது. மாசிலாமணி நின்றிருந்த திசையில் ஒரு நிழல் மட்டும் அசையாமல் இருந்தது. அந்த நிழலைப் பார்த்துக் கேட்டார்:

“எழுதிக்கிட்டியா?”